திமிங்கிலத்தை விழுங்கியது யாது?

கடலில் வாழும் உயிர்களுள் மிகப் பெரியதனைத் திமிங்கிலம் என்று வழங்குகின்றோம். இது வடமொழியினின்று தமிழில் வந்து வழங்கும் சொல். திமி என்பது ஒரு பெருமீன். கிலம் என்பது விழுங்குவது. பெருமீனையே விழுங்கும் பெற்றியது என்பது அச்சொல்லின் பொருள். பண்டையோர் கற்பனை இவ்வளவோடு அமையவில்லை. அத்திமிங்கிலத்தையும் விழுங்கவல்லதொன்று ஆழ்கடலில் உண்டெனக் கருதி, அதற்குத் திமிங்கிலகிலம் எனப் பெயரும் இட்டனர். விலங்கு நூலார் கடலெல்லாம் துருவியும் அத்தகைய உயிரொன்றைக் கண்டிலர். ஆயினும், 20ஆம் நூற்றாண்டில் அப்பெயருக்கு முற்றும் உரியதொன்று தோன்றிற்று. அந்நூறாண்டுக்குள் அஃது உலகக் கடல்களில் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்களை விழுங்கியது. அது நீரிற் பிறந்ததன்று, கணக்கறையிற் பிறந்தது. ஊதியத்தின் பொருட்டு நிகழும் திமிங்கில வேட்டையே அது. அவ்வேட்டை ஏன் தகாதென்பதையும், அளவோடு நிகழ்த்தினால் தீங்கில்லை என்பார் கூற்று ஏன் பொருந்தாதென்பதையும் இக்கட்டுரையில் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் திமிங்கிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மீன்போலத் தோன்றினும் திமிங்கிலம் மீனன்று. அது வெங்குருதி உடையது. நுரையீரலால் மூச்சு விடுவது. குட்டி ஈன்று பாலூட்டி வளர்ப்பது. நீலத்திமிங்கிலம் 30 மீட்டர் நீளம் வரை வளரும்; அதன் எடை 150 டன்னை எட்டும். நிலத்தில் வாழ்ந்த, வாழ்கின்ற விலங்குகளுள் எடையால் இதனை வென்றது ஒன்று உண்டென்பது நிறுவப்படவில்லை. இத்துணைப் பேருடல் படைத்த விலங்கு உண்பதோ விரலளவேயான கூனியிறால் போன்ற கிரில் என்னும் சிற்றுயிர். தாய்த்திமிங்கிலம் ஏறத்தாழ ஓராண்டு கருவைச் சுமந்து ஒரே குட்டியை ஈனும். பல மாதம் பாலூட்டும். அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பிறந்த குட்டி தானும் தாயாதற்குப் பல ஆண்டுகள் செல்லும். இவற்றின் வாழ்நாளும் நெடியது. 2007ஆம் ஆண்டில் அலாஸ்காக் கரையில் கொல்லப்பெற்ற போஹெட் என்னும் இனத் திமிங்கிலம் ஒன்றன் உடலுள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் செய்யப்பெற்ற வெடியீட்டியின் துண்டு புதைந்திருக்கக் கண்டனர். நூறாண்டுக்கு முன் பட்ட புண்ணைச் சுமந்தே அது வாழ்ந்திருந்தது.

இவ்வியல்பை யாம் விரித்துரைத்தற்குக் காரணம் உண்டு. ஒரு மீன் ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். ஆதலின் பிடித்தது போக எஞ்சியவை விரைவிற் பெருகி ஈடுசெய்தல் கூடும். திமிங்கிலமோ யானையைப் போலவும் மாந்தரைப் போலவும் ஒன்றே பெற்று அதனைப் பேணி வளர்ப்பது. மீன் பிடித்தலுக்கு வகுத்த கணக்கு அதற்குப் பொருந்தாது. இவ்வேறுபாட்டை மறந்ததே பின்வந்த கேடு அனைத்துக்கும் வித்தாயிற்று.

திமிங்கில வேட்டை பழைமையானது. பிஸ்கே விரிகுடாவின் கரையில் வாழ்ந்த பாஸ்கு மக்கள் 11ஆம் நூற்றாண்டளவிலேயே இதனை ஒரு தொழிலாகக் கொண்டிருந்தனர். மெல்ல நீந்துவதும், இறந்தபின் அமிழாது மிதப்பதுமாகிய இனமே அவர்கட்கு எளிதிற் கிட்டியது. வேட்டைக்கு உரியது இதுவே என்னும் கருத்தால் ஆங்கிலேயர் அவ்வினத்துக்கு ‘ரைட்’ திமிங்கிலம் என்றே பெயரிட்டனர். ஓர் உயிருக்கு அதன் நிறத்தாலன்றி வடிவாலுமன்றிக் கொல்லுதற்கு எளிமையாற் பெயர் வந்தமை எண்ணத்தக்கது. பின்னர் அமெரிக்காவின் நாந்தக்கெட்டு முதலிய ஊர்களினின்று பாய்க்கப்பல்கள் பல்லாண்டு கடலில் அலைந்து ஸ்பெர்ம் திமிங்கிலத்தை வேட்டையாடின. அதன் தலையில் தேங்கிய நெய் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களின் விளக்குகளை எரித்தது.

அக்காலத்து வேட்டுவர் சிறு படகில் அணுகிக் கையால் ஈட்டியெறிந்து போராடினர். திமிங்கிலத்தின் வாலடியில் படகு சிதறி அவர் மாய்தலும் உண்டு. அவ்வாறிருந்தும் அட்லாந்திக்குக் கடலிலிருந்த சாம்பல்நிறத் திமிங்கிலம் 18ஆம் நூற்றாண்டளவில் அங்கே முற்றும் அற்றுப்போயிற்று. ஆயினும், விரைந்து நீந்தும் நீலத்திமிங்கிலமும் துடுப்புத் திமிங்கிலமும் பாய்க்கப்பலுக்கு எட்டாமல் தப்பின.

1859ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில் மண்ணெண்ணெய்க்குரிய கிணறு தோண்டப்பெற்றது. விளக்குக்கு வேறு எண்ணெய் கிடைத்தமையால் திமிங்கிலம் பிழைத்தது என்று சிலர் கூறுவர். யாமும் முதலில் அவ்வாறே எண்ணியிருந்தோம். வரலாறு அதற்கு மாறாக உள்ளது. 1870ஆம் ஆண்டளவில் நார்வே நாட்டினராகிய ஸ்வென் ஃபோய்ன் என்பார், நீராவிப் படகின் முனையில் பீரங்கி பொருத்தி, உடலுட் சென்று வெடிக்கும் ஈட்டியை அதனால் எய்யும் முறையைக் கண்டார். அதன்பின் எத்துணை விரைந்து நீந்துவதும் தப்பவில்லை. இறந்து அமிழ்வதனையும் காற்றடைத்து மிதக்கச் செய்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீர்மமாகிய நெய்யை நீரகவாயுவால் உறையச் செய்யும் முறை வழக்கிற்கு வந்தது. உடனே திமிங்கிலநெய் மார்கரீன் என்னும் செயற்கை வெண்ணெய்க்கும் சவுக்காரத்துக்கும் உரிய சரக்காயிற்று. அதினின்று எடுக்கும் கிளிசரின் வெடிமருந்துக்குப் பயன்பட்டது. ஒரு தேவை ஒழிய, வேறு தேவையை வாணிகம் தானே படைத்துக்கொண்டது. மாற்றுப்பொருள் வந்தால் வேட்டை தானே ஓயும் என்னும் நம்பிக்கை இவ்வாறு ஒருமுறை பொய்த்ததை நாம் மறத்தலாகாது.

1904ஆம் ஆண்டில் கார்ல் அன்தோன் லார்சன் என்னும் நார்வேக் கப்பலோட்டி, தென்முனைக் கடலிலுள்ள தென்ஜார்ஜியா என்னும் தீவில் கிருட்விக்கன் என்னும் நிலையத்தை நிறுவினார். பனிமலைகளுக்கிடையே கொதிகலன்களும் எண்ணெய்த் தொட்டிகளும் எழுந்தன. 1913ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த நாளையொட்டி அங்கே ஓர் ஆலயமும் பிரதிட்டை செய்யப்பெற்றது. அது இன்றும் நிற்கின்றது. அத்தொழிலாளர் கொடியரல்லர், குடும்பத்தைப் பிரிந்து குளிரில் உழைத்து, ஓய்வுநாளில் இறைவனைத் தொழுத எளிய மக்கள். நல்லோர் கையாலும் இவ்வழிவு நிகழ்ந்தது என்பதே ஈண்டு உன்னத்தக்கது. 1965 வரையில் அத்தீவின் நிலையங்களில் மட்டும் ஏறத்தாழ 1,75,000 திமிங்கிலங்கள் அறுக்கப்பெற்றன.

1925ஆம் ஆண்டில் மற்றொரு மாறுதல் வந்தது. பின்புறத்தே சாய்தளம் அமைத்து, திமிங்கிலத்தை முழுதாகக் கப்பலின்மேல் இழுத்தேற்றி அங்கேயே அறுத்து நெய்யெடுக்கும் ஆலைக்கப்பல் தென்முனைக் கடலிற் புகுந்தது. கரையும் வேண்டா, கரைக்குரிய அரசின் ஆணையும் வேண்டா என்றாயிற்று. 1930-31ஆம் ஆண்டின் ஒரே பருவத்தில் அக்கடலில் 29,000க்கு மேற்பட்ட நீலத்திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. வேட்டைக்கு முன் தென்முனைக் கடலில் அவ்வினம் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தது என்றும், 1970களின் தொடக்கத்தில் சில நூறே எஞ்சின என்றும் அறிஞர் மதிப்பிடுவர். ஓர் ஊரில் ஆயிரம் பேர் வாழ்ந்த இடத்தில் இருவர் எஞ்சினால் எவ்வாறோ அவ்வாறே இதுவும்.

இங்கே ஒருவர் வினவலாம்: “வேட்டை மிகுந்தமை குற்றமே, ஆனால், சட்டத்தால் அளவு செய்து நடத்தினால் ஆகாதோ?” இது நேர்மையான வினா. இதற்கு விடை கற்பனையில் தேடவேண்டுவதன்று. உலகம் அதனைச் செய்தே பார்த்தது.

1946 டிசம்பர் 2ஆம் நாள் வாஷிங்டன் நகரில் நாடுகள் பல கூடித் திமிங்கில வேட்டையை ஒழுங்குசெய்யும் உடன்படிக்கை ஒன்றிற் கையொப்பமிட்டன. அதன்வழிப் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் பிறந்தது. வருங்காலத்தார்க்குத் திமிங்கிலத்தைக் காத்தலும், அத்தொழிலைச் சீராக வளர்த்தலும் ஆகிய இரண்டையும் அது தன் நோக்கமாகக் கொண்டது. ஆண்டுதோறும் கொல்லத்தக்க தொகையை அது வகுத்தது. எவ்வாறு வகுத்தது எனின், ‘நீலத்திமிங்கில அலகு’ என்னும் ஒரு கணக்கால். ஒரு நீலத்திமிங்கிலம் இரண்டு துடுப்புத் திமிங்கிலத்துக்கு ஒப்பு. இரண்டரைக் கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கு ஒப்பு. ஸேய் என்னும் இனத்தில் ஆறுக்கு ஒப்பு. இந்த ஒப்புமை அவ்வவ்வினத்தின் தொகை பற்றியதன்று. பிறப்பு இறப்புப் பற்றியதுமன்று. உடலினின்று வடியும் நெய்யின் அளவு பற்றியதே.

இதனால் விளைந்த கேட்டை நோக்குக. தென்முனைக் கடலுக்குத் தொடக்கத்தில் வகுத்த தொகை ஒரு பருவத்துக்கு 16,000 அலகு. எந்த இனத்தில் எத்தனை என்பது வேட்டுவரின் விருப்பம். நீலத்திமிங்கிலம் அருகியபின் அதனைத் தேடி மட்டும் கப்பல் செலுத்துதல் நட்டமாகும். ஆதலின் இயல்பாக அவ்வேட்டை நின்றிருக்கும். ஆனால், துடுப்புத் திமிங்கிலத்தின் பொருட்டுக் கப்பல்கள் சென்றுகொண்டிருந்தன. வழியில் எதிர்ப்பட்ட ஒற்றை நீலத்திமிங்கிலம் இரண்டின் நெய்யைத் தருமாதலின் அதனை விட்டுச்செல்வார் இலர். பெரியது அருகச் சிறியது கப்பலின் செலவைத் தாங்கிற்று; அச்சிறியதும் அருக அதனிற் சிறியது தாங்கிற்று. இவ்வாறு காக்கவெனப் பிறந்த கணக்கே இனத்துக்குப்பின் இனமாக அழித்தது. தென்பாதிக் கடல்களில் கூன்முதுகுத் திமிங்கிலத்தை 1963இலும், நீலத்திமிங்கிலத்தை 1966இலும் ஆணையம் முற்றுங் காத்தது. காக்கத் தொடங்கியபோது எஞ்சியவை மிகச் சில. அலகுக் கணக்கு 1972இல் கைவிடப்பெற்றது.

மேலும், ஆணையத்தின் முடிவொன்று தனக்கு ஒவ்வாதாயின் 90 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவித்து அதனினின்று விலகிக்கொள்ள எந்த நாட்டுக்கும் உரிமை இருந்தது. கப்பலிற் கணக்கெடுக்கும் மேற்பார்வையாளரும் நெடுங்காலம் அக்கப்பலுக்குரிய நாட்டினரே. வேலியைப் பயிரின் காவலுக்கு வைத்து, அவ்வேலியை ஆட்டுமந்தைக்குரியவனிடமே ஒப்படைத்தாற் போன்றது இது. விளைவு 1990களில் வெளிப்பட்டது. சோவியத்து நாட்டின் கப்பல்கள் 1948 முதல் 1973 வரை தென்பாதிக் கடல்களில் 48,000க்கு மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்று, ஆணையத்துக்கு 2,710 என்றே கணக்குக் காட்டியிருந்தன. அந்நாட்டு அறிவியலாளர் சிலர் மறைத்து வைத்திருந்த மெய்க்கணக்குகளால் அன்றோ இவ்வுண்மை உலகுக்குத் தெரிந்தது! அங்கே தனி முதலாளி எவரும் இலர். ஆயினும் ஆண்டுக்கு இத்துணை டன் என்று மேலிடம் விதித்த இலக்கு, முதலாளியின் ஊதியத்துக்கு மாறாக நின்று அதே வேலையைச் செய்தது.

இவற்றையெல்லாம் மாந்தரின் பேராசைக் கதை என்று மட்டும் கூறி அமைதல் போதாது. பேராசை இல்லாத, கணக்கில் வழுவாத வணிகர் ஒருவரே இத்தொழிலை நடத்தினும் முடிவு வேறாகாது என்பதே யாம் வலியுறுத்த விரும்புவது. இதனை 1973ஆம் ஆண்டில் கனடா நாட்டுக் கணித அறிஞர் காலின் கிளார்க் என்பார் தெளிவாக விளக்கினார். அவர் கருத்தை எளிய எடுத்துக்காட்டொன்றால் கூறுவோம். ஒரு கடற்பரப்பில் 1,000 திமிங்கிலங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அவை ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வீதம் பெருகும் எனக் கொண்டால், ஆண்டுதோறும் 40 கொல்லலாம். ஆயிரமும் குறையாது நிற்கும். இது முதலைத் தொடாது வட்டியை மட்டும் உண்ணும் நன்னெறி. ஆனால், அவ்வணிகர் ஆயிரத்தையும் ஒருங்கே கொன்று விற்று, வந்த பொருளை நூற்றுக்குப் பத்துத் தரும் வேறொரு தொழிலில் இடுவாராயின், ஆண்டுதோறும் 100 திமிங்கிலத்தின் விலையைப் பெறுவர். எஞ்சிய திமிங்கிலம் ஒன்றும் இல்லை. வணிகருக்கு நட்டமும் இல்லை. திமிங்கிலம் பெருகுவதினும் பணம் விரைந்து பெருகுமாயின், திமிங்கிலத்தைக் கடலில் விட்டுவைத்தல் வாணிகக் கணக்கில் ‘வீண்’ ஆகின்றது.

பொன்முட்டை இடும் வாத்தைக் கொன்றவனை நாம் மூடன் என்கிறோம். கதையில் அவன் மூடனே. அவன் வயிற்றைக் கிழித்துக் கண்டது ஒன்றுமில்லை. இக்கணக்கிலோ வாத்தின் இறைச்சியை விற்றுப் பெற்ற பணம் முட்டையினும் மிகுந்த ஊதியம் தருகின்றது. ஆதலின் கொன்றவன் மூடனல்லன்; கெட்டிக்காரன் எனப்படுவான். அதுவே அச்சத்துக்குரியது. ஆலைக்கப்பல் ஒன்றைக் கட்டக் கடன் வாங்கியவர்க்கு மற்றுமோர் இடர் உண்டு: கப்பல் நின்றாலும் வட்டி நில்லாது. இவ்வாண்டு ஓய்வு கொடுத்தால் அடுத்த ஆண்டு திமிங்கிலம் மிகும் என்று எந்த வணிகர் காத்திருப்பார்? ஒருவர் காத்திருப்பினும், கடல் பொதுவாதலின், அவர் விட்டதனை அடுத்த கப்பல் கொள்ளுமன்றோ? ஆகவே, மெல்லப் பெருகும் உயிரை விரைந்து பெருகும் பணத்தோடு ஒரே தராசில் இட்டால், உயிரின் தட்டு என்றும் மேலெழும். இது தனியொருவர் குற்றமன்று, அத்தராசின் குற்றம். திமிங்கிலத்தை விழுங்கிய திமிங்கிலகிலம் இதுவே.

இனி, வேட்டையின் கொடுமையையும் சிறிது கூறுதல் வேண்டும். ஆடும் மாடும் கொல்லப்படுகின்றனவே; திமிங்கிலத்துக்கு மட்டும் ஏன் இரங்குகின்றீர் என்பார் உளர். ஊனுண்பார்க்கும் ஒரு கடமை உண்டு: கொல்லுங்கால் விரைவில், நோவின்றிக் கொல்லுதல். ஓடுகின்ற கப்பலினின்று, அலைமேல் ஒரு நொடி தோன்றி மறையும் விலங்கை எய்யும்போது அக்கடமையைச் செலுத்த இயலுமா? ஐஸ்லாந்து நாட்டில் 2022ஆம் ஆண்டு வேட்டையைப் பற்றி அரசின் ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கையைக் காண்க. ஆராயப்பெற்ற 58 துடுப்புத் திமிங்கிலங்களுள் 35 உடனே இறந்தன. 14 ஒன்றுக்கு மேற்பட்ட முறை எய்யப்பெற்றன. ஒன்று இரண்டு மணி நேரம் உயிர் நீங்காது துடித்தது. வெடியீட்டியின் திருந்திய வடிவங்களைக் கொண்டு, தேர்ந்த வேட்டுவர், கண்காணிப்பின்கீழ்ச் செய்த வேட்டை இது. இவ்வறிக்கையைக் கண்டு அந்நாட்டரசு 2023 ஜூன் திங்களில் வேட்டையைச் சில வாரம் நிறுத்தி வைத்தது. ஒரு கசாப்புச் சாலையில் இவ்வாறு நிகழுமாயின் எந்நாட்டுச் சட்டம் அதனைப் பொறுக்கும்?

எதிர்த்தரப்பினர் கூறுவனவற்றுள் மதிக்கத்தக்கனவும் உள. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஜப்பானிய மக்கள் பசியால் வாடினர். அப்போது 1946இல் ஆலைக்கப்பல்கள் மீண்டும் தென்முனைக் கடலுக்குச் சென்று கொணர்ந்த இறைச்சி அவர்தம் பசி தீர்த்தது. பள்ளிப் பிள்ளைகள் பல்லாண்டு அதனை மதிய உணவாக உண்டனர். அதனை யாம் பழிக்கமாட்டோம். ஆயின் அப்பசி நீங்கி நெடுங்காலமாயிற்று. 1962ஆம் ஆண்டில் இரண்டு இலட்சம் டன்னுக்கு மேல் திமிங்கில இறைச்சி உண்ட நாடு, அண்மை ஆண்டுகளில் சில ஆயிரம் டன்னே உண்கின்றது. எம் முன்னோர் மரபு என்பதும் ஒரு வாதம். தைஜி முதலிய ஜப்பானியக் கரையூர்களில் 17ஆம் நூற்றாண்டிலேயே திமிங்கில வேட்டை நடந்தது மெய். ஆனால், அந்நாட்டு ஆலைக்கப்பல்கள் தென்முனைக் கடலிற் புகுந்தது 1934ஆம் ஆண்டிலேயே. கரையூரின் மரபு வேறு. உலகின் மறுகோடிக்கு ஆலையை மிதக்கவிடுதல் வேறு.

மரபெனில், அலாஸ்காவின் இனூப்பியாட்டு மக்களுடையதும், கிரீன்லாந்து மக்களுடையதும் மரபே. பயிர் விளையாத பனிநிலத்தில் அவர் கொல்வது சில, ஊரார் பகுத்துண்பர். ஆணையமும் அவ்வேட்டையைத் தனியாக வைத்து இசைவளித்துள்ளது. யாம் எதிர்ப்பது அதனையன்று. உண்பவர் வயிறு நிறைந்தால் அவ்வேட்டை நிற்கும். வாணிகத்தின் வயிற்றுக்கோ நிறைவு என்பதில்லை. இதுவே இரண்டிற்கும் வேறுபாடு.

திமிங்கிலம் மிக்கால் மீன் அருகும், மீனவர் வாழ்வு கெடும் என்பதும் ஒரு வாதம். பெருந்திமிங்கிலம் பலவற்றின் முதன்மையான உணவு கிரில் என்பதை முன்னரே கண்டோம். அன்றியும், அவை ஆழத்தில் உண்டு மேற்பரப்பில் கழிக்கும் எருவில் இரும்பு முதலிய சத்துக்கள் உள்ளன. அவற்றைக் கொண்டு நுண்பாசிகள் தழைக்க, அப்பாசியைக் கிரிலும், கிரிலை மீனும் உண்கின்றன. எருவிடும் மாட்டை, புல் தின்கிறதென்று கொல்வாருண்டோ?

நிற்க. வேட்டை நின்றால் பயன் உண்டோ எனின், அதற்கும் சான்று உண்டு. 1972இல் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐக்கிய நாடுகளின் மாநாடு பத்தாண்டு நிறுத்தம் வேண்டிற்று. 1982இல் ஆணையம் வாணிக வேட்டை முழுதையும் நிறுத்திவைக்கத் தீர்மானித்தது. 1985-86ஆம் ஆண்டுப் பருவம் முதல் அது செயலுக்கு வந்தது. அதற்கு முன்னரே 1979இல் நம் இந்தியப் பெருங்கடலும், பின்னர் 1994இல் தென்முனைக் கடலும் திமிங்கிலக் காப்பிடங்களாக அறிவிக்கப்பெற்றன. பயன் கண்கூடு. தென்னமெரிக்காவின் கீழ்க்கடலில் 1950களில் சில நூறாகக் குறைந்திருந்த கூன்முதுகுத் திமிங்கிலம் இன்று இருபதினாயிரத்துக்கு மேல் பெருகியுள்ளது. கொதிகலன்கள் துருவேறிக் கிடக்கும் தென்ஜார்ஜியாவின் நீர்ப்பரப்பில் 2020ஆம் ஆண்டு ஆய்வாளர் ஐம்பதுக்கு மேற்பட்ட நீலத்திமிங்கிலங்களைக் கண்டனர். பல பத்தாண்டுகள் அங்கே ஒன்றிரண்டைக் காண்டலும் அரிதாயிருந்தது.

ஆயினும் வேட்டை முற்றும் ஒழிந்ததன்று. நார்வே தன் மறுப்புரிமையைக் கொண்டு 1993இலும், ஐஸ்லாந்து 2006இலும் வாணிக வேட்டையை மீண்டும் தொடங்கின. ஜப்பான் 1987 முதல் ஆராய்ச்சி என்னும் பெயரால் தென்முனைக் கடலில் வேட்டையாடிற்று. அஃது ஆராய்ச்சியின் பொருட்டு நிகழ்வதன்று என 2014 மார்ச்சு 31இல் ஹேக் நகரத்துப் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் அந்நாடு ஆணையத்தினின்று விலகி, தென்முனைக் கடலைவிட்டுத் தன் கடலெல்லைக்குள் வாணிக வேட்டையைத் தொடங்கியது. 2024இல் புதியதோர் ஆலைக்கப்பலை இறக்கி, துடுப்புத் திமிங்கிலத்தையும் வேட்டைப் பட்டியிற் சேர்த்தது. இன்று கொல்லப்படுவன பண்டைத் தொகையை நோக்கச் சிலவே என்பர். உண்மையே. ஆனால், பெருகிவரும் தொகையைக் கண்டு, இனிக் கொல்லலாம் என்னும் குரல் எழும்போதெல்லாம் அப்பழைய தராசு மீண்டும் தூக்கப்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும்.

இக்கல்லூரியில் நெல்லைக் கடற்கரையினின்று வந்து பயில்வார் பலர். 2016 ஜனவரியில் மணப்பாட்டையடுத்த கரையில் 80க்கு மேற்பட்ட சிறுதிமிங்கிலங்கள் ஒதுங்கின. யாம் அப்போது தொடக்கப்பள்ளிச் சிறுவராயிருந்தோம். நம் கரையூர் மீனவர், வலைத்தொழிலை விட்டு, அவற்றைக் கயிற்றாற் கட்டிப் படகில் இழுத்துச் சென்று ஆழத்தில் விட்டனர், சில மீண்டும் கரைக்கே வந்தன, மீண்டும் இழுத்தனர். பாதிக்கு மேற்பட்டவை மாண்டன. எஞ்சியவற்றைக் காத்ததனால் அவர்க்கு ஒரு காசும் வரவில்லை. அன்றைய மீன்பாடும் போயிற்று. கடலால் வாழ்பவர் கடலுயிரை எந்தத் தராசில் நிறுத்தனர் என்பதை அன்று கண்டோம். திமிங்கிலத்தைக் காத்தல் செல்வர் நாட்டாரின் பொழுதுபோக்கு என்று எவரேனும் கூறக் கேட்பின் எமக்கு அக்கரையே நினைவுக்கு வருகின்றது.

யோனாத் தீர்க்கரை விழுங்கிய பெருமீனைப் பற்றி ஞாயிற்றுப் பள்ளியிலேயே கேட்டிருக்கின்றோம். அது விழுங்கியவரை மூன்றாம் நாள் கரையிற் கக்கியது. ஊதியவேட்டை விழுங்கியதனைக் கக்குவதில்லை. அந்நூலின் இறுதியில் இறைவன் நினிவே நகரத்து மக்களுக்கு மட்டுமன்றி, அங்குள்ள வாயில்லா உயிர்களுக்கும் இரங்குதலைக் காண்கிறோம். உயிர்களை ஆள மாந்தர்க்கு அளித்த உரிமை, அவற்றை விற்றுத் தீர்க்கும் உரிமையன்று. உடையவன் வந்து கேட்குங்கால் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய உக்கிராணக்காரனின் பொறுப்பு. கொல்லாமையைத் தனி அதிகாரமாக வைத்த நூலைப் பயிலும் தமிழ் மாணாக்கர்க்கும் இது புதிதன்று.

நண்பர்காள், நம்முட் பலர் நாளை வாணிகத்திலும் அரசிலும் அறிவியலிலும் புகுவோம். மரமாயினும், மீனாயினும், நிலத்தடி நீராயினும், மெல்லப் பெருகும் ஒன்றை விரைந்து பெருகும் பணத்தோடு வைத்து நிறுக்கும் கணக்கு நம் மேசைக்கும் வரும். அப்போது 29 இலட்சம் என்னும் எண்ணையும், 16,000 அலகு என்னும் கணக்கையும் நினைவு கூர்வோமாக. விற்கலாகாதன சில உலகில் உண்டு என்று சட்டம் கூறினாலன்றித் தராசு தானே கூறாது. அச்சட்டம் திமிங்கிலத்தின்பொருட்டு 1982இல் எழுந்தது. அதனைத் தளர்த்தாது காத்தல் இக்காலத்தார் கடன்.